கடைசியாக என்ன சாப்பிட்டீங்க?

உம்மாவுக்குப் பித்தப்பையில் கல். எங்கள் கரையோரத்து அரச ஆஸ்பத்திரி ஒன்றில் ஒபரேசனுக்குத் தேதி கொடுத்து, முதல் நாளே வாட்டில் வந்து படுக்கச் சொல்லியிருந்தார்கள். கூட நின்றவள் நான். மறுநாள் காலை ஆறரை இருக்கும், தாதி வந்தார். எழுத்தில்தான் தாதி, எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’. கையில் டிக்கெட். பஸ் டிக்கெட் அல்ல, நோயாளியின் சரித்திரம் முழுவதையும் எழுதிவைக்கும் அந்த மடித்த தாளுக்கு இலங்கை ஆஸ்பத்திரிகளில் அதுதான் பேர்.

“உம்மா, ராவைக்குப் பிறகு ஏதும் சாப்பிட்டீங்களா?”

“ஒண்டும் சாப்பிடல்ல மிஸ்.”

“தண்ணி?”

“தண்ணியும் இல்ல.”

மிஸ் எழுதவில்லை. பேனையைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். “சுபஹுக்கு எழும்பினீங்கதானே. தேத்தண்ணி யாரு தந்த?”

“பக்கத்துக் கட்டில் புள்ளதான், பிளாஸ்கில வெச்சிருந்திச்சு. ஒரு கோப்பைதான் மகள்.”

“பாலா, பிளேன்டீயா?”

“பால்.”

எட்டு மணிக்கு முதல் ஆளாகப் போக இருந்த உம்மா, அந்த ஒரு கோப்பையால் பட்டியலில் கீழே இறங்கினார். எனக்குக் கோபம் வந்தது, உம்மா மேல். அவர் பொய் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் சேராத ஊர் எங்களுடையது. ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டால் சோறும் பிட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். ‘யாரு தந்த’ என்று கேட்டால்தான் கோப்பை வெளியே வரும். இந்த வித்தையை எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்திருக்க முடியாது.

அந்தக் கோப்பையில் அப்படி என்ன ஆபத்து?

மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைப்பார்கள் என்று சொல்கிறோம். அது தூக்கமே இல்லை. தூங்குகிறவர் எச்சில் தவறி இறங்கினால் இருமுவார், குளிர்ந்தால் போர்வையை இழுப்பார், கை அமுங்கி நோகும்போது புரண்டு படுப்பார், பேர் சொல்லி உலுப்பினால் எழும்புவார். மயக்கத்தில் கிடக்கிற உடம்பு இதில் ஒன்றையும் செய்யாது. நம்மைக் கேட்காமலே ஆயுள் முழுக்கக் காவல் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் லீவில் போய்விடுகிறார்கள். முதல் நாள் பின்னேரம் தொடக்கம் தியேட்டர் வாசல் வரைக்கும் தாதி செய்கிற வேலையெல்லாம், அவர்கள் விட்டுப்போகிற இடங்களை முன்கூட்டியே நிரப்புவதுதான்.

முதலில் புரையேறுவது. சாப்பிடும்போது புரையேறினால் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்போம். உண்மையில் அது, மூச்சுக்குழாய்க்குள் ஒரு பருக்கையோ துளியோ எட்டிப் பார்த்ததற்காகத் தொண்டை போடும் கூச்சல். மயக்கத்தில் இந்தக் கூச்சல் இல்லை. இரைப்பையின் மேல்வாசலை இறுக்கி வைத்திருக்கும் தசை வளையமும் தளர்ந்துவிடும். மல்லாந்து கிடப்பவரின் வயிற்றில் இருப்பது மெல்ல மேலேறி, தடுக்க ஆளில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கலாம். வயிற்று அமிலம் நுரையீரலுக்குள் போனால் அது வெந்த புண்தான்.

இதை எண்ணிக்கையோடு காட்டியவர் நியூயோர்க்கின் மகப்பேற்று மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன். 1932 முதல் 1945 வரை தன் ஆஸ்பத்திரிக்கு வந்த 44,016 கர்ப்பிணிகளின் பதிவுகளைத் துருவி, 66 பேருக்கு மயக்கத்தின்போது வயிற்றிலிருந்தது மூச்சுக்குழாய்க்குள் போயிருந்ததை 1946இல் எழுதினார். இறந்தவர்கள் இரண்டு பேர், கட்டியான உணவு அடைத்து மூச்சுத் திணறியவர்கள். அமிலம் தனியாக என்ன செய்கிறது என்பதை முயல்களில் சோதித்தும் காட்டினார். அதன் பிறகு உலகமெங்கும் ஆஸ்பத்திரிகள் ஒரே சட்டத்தைப் பிடித்துக்கொண்டன: நடுச்சாமத்துக்குப் பிறகு வாயில் ஒன்றும் வைக்காதே.

இரைப்பைக்கு நடுச்சாமம் தெரியாது. அதற்குத் தெரிந்தது உள்ளே என்ன விழுந்தது என்பது மட்டும். வெறும் தண்ணீரென்றால் அதில் பாதி கால் மணித்தியாலம் அளவில் குடலுக்குப் போய்விடும். மாட்டுக்கறியும் பராட்டாவும் என்றால் கதை வேறு. கொழுப்பு குடலைத் தொட்டவுடன், கொஞ்சம் பொறு என்று இரைப்பைக்குச் சேதி போகும், கதவு மெதுவாகத்தான் திறக்கும். 1999இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் போட்ட கணக்கைத்தான் சிறு சிறு வித்தியாசங்களோடு இன்று பெரும்பாலான நாடுகள் கையாளுகின்றன. தெளிந்த பானத்துக்கு 2 மணித்தியாலம், தாய்ப்பாலுக்கு 4, மற்றப் பாலுக்கும் இலேசான உணவுக்கும் 6, பொரித்ததுக்கும் கொழுப்புக்கும் 8 அல்லது அதற்கும் மேல். பிளேன்டீ தெளிந்த பானம். பாலை ஊற்றிய நிமிசத்திலேயே காத்திருப்பு நான்கு மணித்தியாலம் கூடிப்போகிறது, ஏனென்றால் அமிலம் பட்டால் பால் திரண்டுவிடும். எருமைத் தயிர்ச் சட்டி இல்லாமல் விருந்து வைக்காத எங்கள் கரையில் இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டமில்லை.

கஷ்டமான பகுதி இதற்கு நேரெதிரானது. எங்கள் ஆட்களுக்குப் பட்டினி பழக்கம். ஏழு வயதில் நோன்பு பிடிக்கத் தொடங்கி, சஹருக்கு எழும்பி, மஃரிப் பாங்கு வரைக்கும் ஒரு துளி இறங்காமல் இருக்கத் தெரிந்தவர்கள். ஒபரேசனுக்கு வெறுவயிறு என்றதும் அதையும் நோன்பாகவே பிடித்துக்கொள்கிறார்கள். குடிக்கலாம் என்று அனுமதித்த தண்ணீரையும் குடிப்பதில்லை. உதடு காய்ந்து, இரத்தக் குழாய் உள்ளே போய், கெனுலா குத்த இடம் தேடித் தாதி இரண்டு கையையும் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாகிறது. பின்னேரத்துக்குத் தள்ளிப்போன உம்மாவிடமும் அந்த மிஸ் வந்து சொன்னார்: “இது நோன்பு இல்ல உம்மா. பத்து மணி மட்டும் வெறும் தண்ணி குடிக்கலாம், முறியாது.” உம்மா நம்பவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகு இரண்டு மிடறு குடித்தார், ஏதோ குற்றம் செய்வதுபோல.

சீனி வருத்தக்காரருக்கு இன்னொரு சிக்கல். பல வருசம் சீனி கூடிக்கிடந்தால் இரைப்பையை ஓட்டும் நரம்புகளே பழுதாகிவிடும். ஆறு மணித்தியாலத்துக்கு முன் சாப்பிட்டது இன்னும் உள்ளேயே கிடக்கும். ‘சாப்பிட்டு எவ்வளவு நேரம்’ என்பதோடு ‘சீனி எத்தனை வருசம்’ என்று கேட்பதும், ‘வயிறு ஊதின மாதிரி இரிக்கா’ என்று கேட்பதும் அதனால்தான். பேச்சுக்குக் கேட்கிற கேள்விகள் அல்ல அவை.

இனிப் பேர். மயங்கியவர் தன் பேரைச் சொல்ல முடியாது, ‘அது நான் இல்லை’ என்றும் சொல்ல முடியாது. கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை என்று இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள் உண்டு. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை என்று சுற்றுவட்டாரமே அங்கு வரும். இந்த ஊர்களில் எந்தப் பெண்கள் வாட்டில் நின்று ‘பாத்திமா’ என்று கூப்பிட்டாலும் இரண்டு தலையாவது நிமிரும். ஆண்கள் பக்கம் போனால் முஹம்மதுகள். மிச்சமெல்லாம் முன்னெழுத்துகள்தான்: ஏ.எல்., எம்.ஐ., எம்.எச்.எம். ஒரு புள்ளி இடம் மாறினால் ஆளே மாறிவிடும்.

இதற்குத் தாதிகள் கையாளும் வழி மிக எளிமையானது. ‘நீங்கதானே பாத்திமா?’ என்று கேட்கமாட்டார்கள். ‘உங்கட பேர் என்ன?’ என்றுதான் கேட்பார்கள். பயத்தில் இருக்கிறவர், காது மந்தமானவர், ஊசியில் கிறங்கியவர், முதல் வகைக் கேள்விக்கு என்ன கேட்டாலும் ஓம் என்றுவிடுவார். இரண்டாவதற்குத் தானாக ஒரு பதில் சொல்லியாக வேண்டும். பேர், வயது, வாப்பாட பேர், எந்தப் பக்கத்தில் ஒபரேசன் என்று கேட்டு, சொன்னதை மணிக்கட்டுப் பட்டியோடும் டிக்கெட்டோடும் ஒத்துப் பார்ப்பார்கள். உம்மாவிடம் நான்காவது தடவை பேர் கேட்டபோது அவர் என் காதில், “இந்தப் புள்ளைக்குச் சரியான மறதி” என்றார்.

தியேட்டருக்குள்ளும் இதே கேள்விகள் வரும். அங்கே உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது, 19 வரிகள். அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே முன்னின்று செய்த வேலை. புதுடில்லி, அம்மான், மணிலா, லண்டன் உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் பரீட்சித்தார்கள். இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆனது, சிக்கல்கள் 11இலிருந்து 7 ஆயின. விலைகூடின கருவி ஒன்றும் இல்லை, ஒரு தாளும் அதை வாய்விட்டு வாசிக்க ஒரு ஆளும் மட்டும். ஆனால் கனடாவின் ஒன்ராறியோவில் கட்டாயமாக்கிய பிறகு 101 ஆஸ்பத்திரிகளில் பார்த்தபோது சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை என்று 2014இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. தாளில் சரி போடுவதற்கும் கேட்டுப் பதில் வாங்குவதற்கும் உள்ள தூரமே அது என்று நான் நினைக்கிறேன். பால் தேத்தண்ணிக் கதையைப் பார்த்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

எங்கள் ஊர்க் கேள்வி இன்னொன்று உண்டு. “கையில மருதோன்றியா?” பெருநாளும் கல்யாணமும் முடிந்த கிழமைகளில் வாட்டுக்கு வருகிறவர்களின் நகமெல்லாம் சிவந்திருக்கும். மயக்கத்தில் கிடப்பவர் மூச்சு முட்டுகிறது என்று சொல்லமாட்டார், அவருக்காகச் சொல்லுவது விரலில் கவ்வும் அந்தச் சின்னக் கருவி. 1974இல் ஜப்பானியப் பொறியியலாளர் தாக்குவோ அஓயாகி கண்ட வழி அது. நகத்தின் ஊடாக 660 நனோமீற்றர் அளவில் சிவப்பு ஒளியும் 940இல் அகச்சிவப்பு ஒளியும் போகின்றன. ஒட்சிசன் ஏந்திய இரத்தம் ஒன்றைக் கூடக் குடிக்கும், ஏந்தாத இரத்தம் மற்றதை. நாடித்துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டையும் வகுத்தால் நூற்றுவீதம் வந்துவிடும். அழகான யோசனை.

நடுவில் நிற்பது நகம். கறுப்பு, நீல நகப்பூச்சு ஒளியைத் தின்றுவிடக்கூடும், அதனால்தான் துடைக்கச் சொல்வது. மருதோன்றியைத் துடைக்க ஏலாது. இலையிலுள்ள சாயம் நகத்தின் புரதத்தோடேயே ஒட்டிப்போகும், நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும். நல்லவேளையாக, சிவந்த மருதோன்றி சிவப்பு ஒளியைப் பெரிதாக மறிப்பதில்லை. கடையில் கூம்பில் விற்கும் ‘கறுப்பு மருதோன்றி’தான் தொல்லை, அதில் தலைமயிர்ச் சாயம் கலந்திருக்கும், கருவி எழுத்தில்லாமல் முழிக்கும். அப்போது காதுச் சோணையில் மாட்டுவார்கள். நகத்தை மட்டும் குற்றம் சொல்லவும் கூடாது. தோல் கறுத்தவர்களிடம் இந்தக் கருவி சில நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது என்பதை 2020இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான அளவீடுகளை ஒப்பிட்டு எடுத்துக் காட்டினார்கள். வெத்திலைக்காவி ஏறாத உதட்டின் நிறத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு இன்னும் வேலை இருக்கிறது என்று அர்த்தம். மூத்தம்மாமாரின் வெத்திலைப் பையை மிஸ்மார் வாங்கி வைப்பதில் இந்த நியாயமும் அடக்கம்.

சவரக் கதை எனக்குப் பிடித்தது, நல்லெண்ணம் எப்படித் தவறிப்போகும் என்பதற்கு. ஒபரேசனுக்கு முதல் நாள் இரவு, வெட்டப்போகிற இடத்தை பிளேட்டால் வழித்துவிடுவதுதான் பல தலைமுறையாகத் தயார்ப்படுத்தலின் அடையாளமாக இருந்தது. மயிர் அசுத்தம், வழித்தால் சுத்தம் என்பது எல்லோருக்கும் சரியாகப்பட்டது. 1971இல் செரோபியனும் ரெனோல்ட்ஸும் நானூறு சொச்சம் நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பிளேட்டால் வழித்தவர்களில் நூற்றுக்கு 5.6 பேருக்குப் புண்ணில் கிருமி பிடித்தது. களிம்பு பூசி மயிர் நீக்கியவர்களிலும் நீக்காமலே விட்டவர்களிலும் 0.6. ஒரு நாளைக்கும் முன்னதாக வழித்தவர்களில் இருபதுக்கு மேல். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இரவு முழுக்கப் பெருகும் கிருமிகள். இப்போது உலக சுகாதார நிறுவனம் வழிக்கவே வேண்டாம் என்கிறது, இடைஞ்சல் என்றால் இயந்திரக் கத்தரியால் நறுக்கு, முதல் நாள் சவர்க்காரம் போட்டுக் குளி, போதும் என்கிறது. ஆனால் எங்கள் ஆட்கள் மானத்துக்குப் பயந்து, சொல்லாமலே வீட்டில் பிளேட்டைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். ‘நீங்களா ஒண்டும் செய்யாதீங்க’ என்று கிளினிக்கிலேயே சொல்லிவிடும் மிஸ் புத்திசாலி.

புண் பழுப்பதற்குக் கிருமியே காரணம், அதைக் கொல்ல வேண்டும் என்று ஜோசப் லிஸ்டர் கிளாஸ்கோவில் இருந்து எழுதியது 1867இல். அதே வருசம் யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீனின் முயற்சியால் ‘இரண வைத்தியம்’ என்ற சத்திரசிகிச்சை நூல் தமிழில் அச்சாகி வந்தது. ஒரே வருசத்தில் வந்தும் ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு எழுத்துகள். தமிழில் இந்தத் துறை அவ்வளவு பழையது, ஆனால் இன்றைக்கும் ஒப்புதல் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியாது. தென்பகுதியிலிருந்து வந்த டொக்டர் சிங்களத்திலும் இங்கிலீசிலும் சொன்னதை வாட்டுத் தமிழில் ஆக்கிக் கொடுப்பவரும் பல நேரம் தாதிதான். அதுவும் புருசன்மாரை, ‘நீங்க இல்ல, அவங்கதான் ஒப்பம் வைக்கணும்’ என்று ஒதுக்கி நிறுத்திவிட்டு.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வெயிலில் போர்வை கொண்டுவரச் சொன்னால் சிரிப்பார்கள். மயக்கம் ஏறியவுடன் தோலுக்கடியில் உள்ள குழாய்கள் விரிந்து, உடம்பின் நடுச்சூடு கைகால்களுக்கு ஓடிவிடும். முதல் மணித்தியாலத்திலேயே ஒரு பாகை, ஒன்றரைப் பாகை இறங்கும். நடுங்கிச் சூடேற்றும் காவலாளியும் லீவு. 1996இல் அண்ட்ரியா குர்ஸ் குழுவினர் குடல் ஒபரேசன் செய்த 200 பேரில் பாதிப் பேரைச் சூடாக வைத்திருந்தார்கள், பாதிப் பேரை வழக்கம்போல விட்டார்கள். வித்தியாசம் ஏறக்குறைய இரண்டே பாகை. குளிர்ந்தவர்களில் நூற்றுக்கு 19 பேருக்குப் புண் பழுத்தது, சூடாக இருந்தவர்களில் 6 பேருக்கு. குளிரில் குழாய் சுருங்கும், புண்ணுக்கு ஒட்சிசன் போகாது, கிருமியைத் தின்னும் வெள்ளை அணுக்களுக்கு அதுதானே சாப்பாடு. பிற்காலத்து ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. ஆனாலும் தள்ளுவண்டியில் ஏற்றுமுன் மிஸ் காலடிவரை இழுத்துப் போர்த்திவிடும் அந்தத் துணியை நான் இனிச் சும்மா துணி என்று சொல்லமாட்டேன்.

போர்த்தும்போது பேசவும் செய்வார். அதற்கும் கணக்கு உண்டு. 1963இல் டூமாஸ் என்ற அமெரிக்கத் தாதியும் லெனார்ட் என்ற சமூகவியலாளரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒபரேசனுக்குப் போகும் பெண்கள் சிலரோடு ஒரு தாதி முன்கூட்டியே உட்கார்ந்து, என்ன பயம் என்று கேட்டு, அது தணியும்வரை கூட இருப்பார். அப்படிப் பேசப்பட்டவர்கள் மயக்கம் தெளிந்தபோது வாந்தி எடுத்தது குறைவு. அடுத்த வருசம் பொஸ்டனில் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவர் 97 பேரில் இதேபோல் பார்த்தார். எங்கே நோகும், எவ்வளவு நாள் நோகும், எப்படிப் புரண்டு படுக்க வேண்டும் என்று முன்னமே சொல்லப்பட்டவர்களுக்கு நோவு மருந்து பாதிதான் தேவைப்பட்டது, வீட்டுக்கும் சராசரி 2.7 நாள் முந்திப் போனார்கள். பெயரும் அளவும் போட்டுப் போத்தலில் அடைக்கக்கூடிய சரக்காக இருந்திருந்தால் இதை மருந்துக் கடையில் விற்றிருப்பார்கள்.

கடைசியில் மோதிரம். வாப்பா 1986இல் சவூதியிலிருந்து வரும்போது கொண்டுவந்தது, உம்மா ஒருநாளும் கழற்றியதில்லை. கழுத்தில் கிடந்த அச்சரக்கூட்டை நான் கழற்றிப் பேர்ஸில் வைத்துக்கொண்டேன். மோதிரம் அசையவில்லை. இரத்தம் கட்டுவதற்கு மின்சாரத்தால் சுடும் கருவி இருக்கிறது, உலோகம் உடம்பில் இருந்தால் சுட்டுவிடும் என்று முன்பு சொல்வார்கள். இன்றைய கருவிகளில் அந்த அபாயம் குறைவு. மிஸ் சொன்ன காரணம் வேறு: “சேலைன் ஏற ஏறக் கை வீங்கும் உம்மா. விரல் செத்தாலும் நீங்க முழிச்சிச் சொல்லமாட்டீங்க.”

சவர்க்காரம் போட்டுப் பார்த்தார், வரவில்லை. பிறகு தையல் நூலை எடுத்து, ஒரு நுனியை மோதிரத்துக்குக் கீழால் உள்ளங்கைப் பக்கம் செருகி வெளியே விட்டார். மற்ற நுனியால் மோதிரத்தை ஒட்டிய இடத்திலிருந்து விரல் முட்டியைத் தாண்டும்வரை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றினார். விரல் வெளுத்தது, சதையின் நீர் நுனிப்பக்கம் ஒதுங்கி முட்டி மெலிந்தது. செருகிய நுனியை இப்போது விரல் நுனிப் பக்கமாக மெல்லச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். நூல் ஒரு சுற்று அவிழ, மோதிரம் ஒரு சுற்று முன்னேறியது. ஒரு நிமிசம் ஆகியிருக்காது. முட்டியைத் தாண்டியதும் உம்மா கையை இழுத்து, முப்பத்துச் சொச்சம் வருசம் வெயில் படாமல் வெளுத்துக் கிடந்த அந்த வளையத்தைத் தடவிப் பார்த்தார்.

மிஸ் மோதிரத்தை என் உள்ளங்கையில் வைத்து, ‘மஞ்சள் நிற மோதிரம் 1, மகளிடம்’ என்று எழுதி ஒப்பம் வாங்கினார். தங்கம் என்று எழுதமாட்டார்கள், அதைச் சோதித்துப் பார்ப்பது அவர்களுடைய வேலை அல்ல. லுஹர் முடிந்து தள்ளுவண்டி வந்தது. தியேட்டர் வாசலில் பச்சை உடுப்பில் நின்ற இன்னொரு மிஸ் குனிந்து, “உங்கட பேர் என்ன உம்மா?” என்றார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மோதிரத்தை நீட்டினேன், முட்டிக்கு முன்னமே நின்றுவிட்டது. ஏழாம் நாள்தான் ஏறியது.